ஒரு தமிழ்வழி நுண்கணித நூலின் சமன்பாடுகள்: வேர்டிலிருந்து லாடெக்குக்குப் போன கதை

பின்னணி

இளநிலைக் கணிதத்தைத் தமிழ்வழியில் படிக்கும் மாணவர்களுக்கான நுண்கணித நூல் ஒன்றைத் தமிழ்நாட்டின் சிறு பதிப்பகம் ஒன்று மறுபதிப்புக்கு எடுத்தது. ஆசிரியர் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். பாடத்திட்டம் மாறியிருந்ததால் இரண்டு இயல்களைப் புதிதாக எழுதிச் சேர்த்திருந்தார். பழைய பதிப்பைத் தட்டச்சு செய்த டிடிபி ஆபரேட்டரே இந்த வேலைக்கும் ஒப்புக்கொண்டார். அந்த அம்மாவுக்கு இந்தத் தொழிலில் இருபது ஆண்டுக்கு மேல் அனுபவம். கோப்புகளை அச்சுக்குத் தயாராக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நூலின் அளவு டெமி 1/8. எழுத்துப் பரப்பின் அகலம் நாலேகால் அங்குலம்தான். கணித நூலுக்கு இது குறுகல், ஆனால் விலையைக் கூட்ட முடியாது என்பதால் அளவு முதலிலேயே முடிவாகிவிட்டது.

கோப்புகள் எல்லாம் வேர்டில் இருந்தன. தமிழ் முழுக்க பாமினி எழுத்துரு. சமன்பாடுகள் நான்கு விதமாக அடிக்கப்பட்டிருந்தன. பழையவை வேர்டோடு முன்பு வந்த ஈக்குவேஷன் எடிட்டர் 3.0 என்ற கருவியில் செய்தவை. சில மேத்டைப் என்ற தனிச் சமன்பாட்டு மென்பொருளில் செய்தவை. எளிதானவை சாதாரண எழுத்தாகவே அடித்து, அடுக்கை மட்டும் மேலே தூக்கியவை. புதிய இயல்களில் பாதிக்கு மேல், வேறு எங்கோ உருவாக்கிப் படமாக ஒட்டியவை.

இந்த நான்காவது விதம் எப்படி வந்தது என்று கேட்டபோது காரணம் சுலபமாகப் புரிந்தது. ஈக்குவேஷன் எடிட்டரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் அதை ஆஃபீஸிலிருந்தே நீக்கிவிட்டது. பழைய சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரிந்தன, அச்சிலும் வந்தன. ஆனால் திறந்து திருத்த முடியவில்லை. வேர்ட் 2007 முதல் உள்ளேயே இருக்கும் புதிய சமன்பாட்டு வசதி அவருக்குப் பழக்கமில்லை. கூலியோ பக்கக் கணக்கு. கதைப் புத்தகத்தின் பக்கத்துக்கும் தொகையீடு நிறைந்த பக்கத்துக்கும் ஒரே விலை. அந்தக் கணக்கில் படமாக ஒட்டுவதுதான் கட்டுப்படியாகும்.

முதல் மெய்ப்பில் தெரிந்தவை

முதலில் ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், மாதிரிக்கு எடுத்துப் பார்த்தோம். அதற்கு முன் பாமினியை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற, இணையத்தில் கிடைக்கும் மாற்றி ஒன்றில் உரையை மொத்தமாக ஒட்டி எடுத்திருந்தார்கள். பெரிய சேதம் அங்கேதான் நடந்தது.

பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். எஃப் இருக்கும் இடத்தில் ‘க’, எக்ஸ் இருக்கும் இடத்தில் ‘ஒ’, ஒய் இருக்கும் இடத்தில் ‘ல’. மாற்றி எழுத்துருவைப் பார்ப்பதில்லை, எழுத்தை மட்டும் பார்க்கிறது. அதனால் டைம்ஸ் எழுத்துருவில் சாய்வாக அடித்திருந்த கணித மாறிகளும் தமிழாகிவிட்டன. ‘எக்ஸின் சார்பு எஃப்’ என்ற குறியீடு ‘க(ஒ)’ என்று அச்சாகியிருந்தது. அதே பக்கத்தில் ‘ல-ஐப் பொறுத்து வகையிட’ என்று ஒரு வரி.

இதற்கு நேர் எதிரான கோளாறும் அதே ஃபாரத்தில் இருந்தது. பழைய ஈக்குவேஷன் எடிட்டர் பெட்டிகளுக்குள் மாற்றியால் நுழைய முடியாது. அந்தப் பெட்டிகளுக்குள் ‘எனில்’, ‘எனவே’, ‘மற்றும்’ போன்ற சொற்கள் பாமினியில் இருந்தன. பாமினி இல்லாத கணினியில் ‘எனில்’ என்பது வி, டி, பி, ஒய் என்ற நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. கணிதத்துக்குள் அப்படி நின்றால் நான்கு மாறிகளின் பெருக்கல் என்றுதான் யாரும் வாசிப்பார்கள். இது சும்மா அசிங்கமாக இருக்கிற பிழை இல்லை, மாணவனைத் தவறாக வழிநடத்துகிற பிழை.

அடுத்தது கழித்தல் குறி. உரையோடு அடித்த இடங்களில் எல்லாம் விசைப்பலகையின் சிறு கோடுதான் கழித்தலாக நின்றது. அந்தக் கோட்டுக்குப் பிறகு வரியை முறிக்கலாம் என்று வேர்ட் எடுத்துக்கொள்ளும். ஓர் எடுத்துக்காட்டின் விடை −3. கோடு வரியின் கடைசியிலும் 3 அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் உட்கார்ந்துவிட்டன. மொழிப்பிழை பார்த்த தமிழாசிரியர் அதைச் சொல்முறிப்புக் கோடு என்று நினைத்து அடித்துவிட்டார். விடை 3 ஆனது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்த தாளில் அது கழித்தலாகத் தெரியவே இல்லை.

வரிகள் சீராக இருக்கட்டும் என்று வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று பூட்டியிருந்தார்கள். அப்படிப் பூட்டினால் வரியின் உயரத்தை மீறும் எதுவும் வெட்டுப்படும். வரிக்குள் வந்த பின்னங்கள் பலவற்றில் தொகுதியின் மேல்பாதி காணாமல் போயிருந்தது. சமன்பாட்டு எண்கள் கையால் போட்டவை. புதிய இயல்கள் நடுவில் நுழைந்ததால் ‘சமன்பாடு (3.14)-இன்படி’ என்று சுட்டிய இடங்கள் வேறெதையோ சுட்டின.

எந்தக் கருவி என்ற முடிவு

மூன்று வழிகள் எதிரில் இருந்தன.

வேர்டிலேயே நிற்பது முதல் வழி. ஆபரேட்டருக்குத் தெரிந்த இடம், ஆசிரியருக்கும் தெரிந்த இடம். ஆல்ட்டோடு சமக்குறியைத் தட்டினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும், கேம்ப்ரியா மேத் எழுத்துருவில் கணிதம் ஒழுங்காகவே வரும். பத்து இருபது பக்கக் குறிப்பு என்றால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் இங்கே நூற்றுக்கணக்கான எண்ணிட்ட சமன்பாடுகள். வேர்டில் சமன்பாட்டின் கடைசியில் # போட்டு எண்ணை அடித்து எண்டர் தட்டினால் எண் வலது ஓரத்துக்குப் போய்விடும். அதைத் தானாக மாறும் எண்ணாக்கி, மற்ற இடங்களிலிருந்து சுட்டுவதற்குத்தான் சுற்றுவழி தேவைப்படுகிறது.

இரண்டாவது, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன். அச்சகத்துக்கு அதுதான் பிடித்தது. அப்போது அதற்குள் சமன்பாட்டு வசதி கிடையாது. ஒவ்வொரு சமன்பாட்டையும் மேத்டைப்பில் செய்து தனிக் கோப்பாகச் சேமித்து, வரியின் அடிக்கோட்டோடு ஒட்டும்படி வைக்க வேண்டும். ஒரு திருத்தம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. இதை உடனே கைவிட்டோம்.

மூன்றாவது லாடெக். கணினி அறிஞர் டொனால்ட் நூத் தன் நூலின் மறுபதிப்பு மெய்ப்பில் கணிதம் வந்திருந்த லட்சணத்தைப் பார்த்து மனம் வெறுத்து, 1977-இல் தொடங்கிய டெக் என்ற மென்பொருளின் மேல் எழுந்தது அது. கணிதத்தைத் தோற்றமாக அடிக்காமல் ‘இது பின்னம், இது அடுக்கு, இது தொகையீடு’ என்று அமைப்பாகச் சொல்லச் சொல்லும். எண்களைத் தானே போடும், சுட்டுகளைத் தானே திருத்தும். தமிழுக்கு ஸீலாடெக் என்ற அதன் வடிவம் உண்டு, யூனிகோடு எழுத்துருக்களை நேராக எடுத்துக்கொள்ளும்.

தயக்கம் ஆபரேட்டரைப் பற்றியது. கட்டளைகளை ஆங்கிலத்தில் அடிக்கும் ஒன்றை அவர் ஏற்பாரா? நூல் ஆண்டுதோறும் திருத்தப்படும். வேலை என் ஒருவனிடம் மாட்டிக்கொண்டால் பதிப்பகத்துக்கு அது நல்லதில்லை. ஓர் இயலை மட்டும் மாதிரிக்கு மாற்றி அவரிடம் கொடுத்து, நடுவில் ஒரு சமன்பாட்டைப் புதிதாகச் சேர்க்கச் சொன்னோம். சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டியதும் அதற்குப் பின் வந்த எண்கள் எல்லாம் நகர்ந்ததைப் பார்த்தார். “இதுக்குத்தானா நான் இவ்வளவு நாள் பேனாவும் கையுமா உட்கார்ந்து எண் மாத்திட்டிருந்தேன்?” என்றார். அத்தோடு முடிவாயிற்று. கூலியையும் பக்கக் கணக்கிலிருந்து எடுத்து, இயல் கணக்கில் கணிதத்தின் அடர்த்தியைப் பார்த்துப் பேசிக்கொண்டோம். கருவியை மாற்றியதற்குச் சமமான முடிவு அது என்றே நினைக்கிறேன்.

மாற்றிய விதம்

பழைய பாமினிக் கோப்புகளுக்கே திரும்பிப் போனோம். இந்த முறை மாற்றம் எழுத்துருவைப் பார்த்து நடந்தது. வேர்டின் தேடலில் எழுத்துருவையும் நிபந்தனையாக வைக்கலாம். பாமினியில் இருக்கும் துண்டுகளை மட்டும் யூனிகோடாக்க ஒரு மேக்ரோ, அதாவது வேர்டுக்குள் ஓடும் சிறு நிரல், எழுதினோம். டைம்ஸில் இருந்தவை தொடப்படவில்லை. ‘க(ஒ)’ போன்றவை இத்தோடு ஒழிந்தன.

பழைய சமன்பாட்டுப் பெட்டிகளைப் புதிய வேர்டில் இருமுறை தட்டினால், இன்றைய வடிவுக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். அப்படி மாற்றியவற்றை பாண்டாக் என்ற இலவச மென்பொருள் வேர்டிலிருந்து படித்து லாடெக்காக எழுதித் தந்தது. பெட்டிகளுக்குள் இருந்த பாமினிச் சொற்களைக் கையால்தான் மாற்ற வேண்டியிருந்தது. மலைப்பாக இருந்தாலும், கணித வரிகளுக்குள் வரும் தமிழ்ச் சொற்கள் மொத்தத்தில் கொஞ்சம்தான். எனில், எனவே, அல்லது, மற்றும், ஏனெனில், இங்கு என்று ஒரு கையடக்கப் பட்டியல். தேடி மாற்றினால் தீர்ந்தது. படமாக ஒட்டியவற்றுக்கு எந்த மந்திரமும் இல்லை. ஆசிரியரின் கையெழுத்துப் படியை வாங்கி, புதிதாக அடித்தோம்.

உரைக்குள் தனியாக வரும் மாறிகள் அடுத்த வேலை. லாடெக்கில் அவற்றைக் கணிதம் என்று குறித்தால்தான் சரியான சாய்வும் சரியான கழித்தல் குறியும் வரும். பாண்டாக் அவற்றை வெறும் சாய்வெழுத்தாகத்தான் தந்தது. இதில் தமிழ் நூலுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கில நூலில் ‘ஏ’ என்ற எழுத்து மாறியா, சொல்லா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தமிழ் வாக்கியத்துக்குள் ஆங்கில எழுத்து தனியாக நின்றால் அநேகமாக அது மாறிதான். பயிற்சிகளில் ஏ, பி, சி என்று இருந்த உட்பிரிவுகளை முதலில் அ, ஆ, இ என்று மாற்றிவிட்டு, மீதி எல்லாவற்றையும் ஒரே தேடலில் கணிதமாக்கினோம்.

அதில் ஒரு பொறி இருந்தது. பெருக்கல் குறிக்குப் பதில் எக்ஸ் எழுத்தையே அடிக்கும் பழக்கம் டிடிபியில் சகஜம். ‘3 பெருக்கல் 4’ என்ற இடம் மூன்று, எக்ஸ், நான்கு என்று மாறியுடன் வந்து நின்றது. இரண்டு பக்கமும் எண் இருக்கும் எக்ஸ்களைத் தனியே தேடி × ஆக்கினோம்.

காணாமல் போன சொற்களும் நகராத அடைப்புக்குறிகளும்

முதல் இயல் பக்கமாக வந்தபோது பார்க்க அழகாக இருந்தது. பேராசிரியர்தான் கண்டுபிடித்தார்: “இந்த வரியில ‘எனில்’ எங்கே போச்சு?”

ஆபரேட்டர் சில இடங்களில் தமிழ்ச் சொல்லை, கணிதத்துக்குள் சாதாரண உரையை வைப்பதற்கான ‘டெக்ஸ்ட்’ கட்டளைக்குள் வைக்காமல், கணிதப் பகுதிக்குள் நேராக அடித்திருந்தார். கணித எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் கிடையாது. வேர்டாக இருந்தால் வேறு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போட்டிருக்கும். டெக் அப்படிச் செய்யாது. எழுத்து இல்லை என்று பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பக்கத்தில் கட்டமோ கேள்விக்குறியோ வராது. சொல் சத்தமில்லாமல் மறைந்திருக்கும். ‘டிரேசிங்லாஸ்ட்சார்ஸ்’ என்ற அமைப்பை 3 என்று வைத்தால், 2021 முதல் வந்த டெக் தொகுப்புகளில் இது எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே வந்து வேலை நின்றுவிடும். அதை வைத்த பிறகு இந்தத் தொல்லை இல்லை. தமிழில் கணிதம் அமைப்பவர்கள் கோப்பின் தலையில் முதலில் எழுத வேண்டிய வரி இதுதான் என்பேன்.

இன்னொன்று, வரிகள் வலது ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தமிழில் சொற்கள் நீளம், அகலமோ நாலேகால் அங்குலம். அதனால்தான் என்று முதலில் தோன்றியது. தமிழுக்கான சொல்முறிப்பு விதிகள் டெக்கில் இருக்கின்றன, அவற்றை இயக்கினோம். பாதி வரிகள் சரியாயின, மீதி அசையவில்லை. மீதியை உற்றுப் பார்த்தால் எல்லாவற்றிலும் வரிக்குள் ஒரு நீண்ட கணிதக் கோவை இருந்தது.

வரிக்குள் வரும் கணிதத்தை டெக் சமக்குறிக்குப் பின்னும் கூட்டல், கழித்தலுக்குப் பின்னும் முறிக்கும். ‘லெஃப்ட்’, ‘ரைட்’ கட்டளைகள் போட்ட அடைப்புக்குறிகளுக்குள் மட்டும் முறிக்கவே முறிக்காது. அந்தக் கட்டளைகள் உள்ளே இருப்பதன் உயரத்துக்கு ஏற்ப அடைப்புக்குறியை வளர்ப்பதற்கானவை. பாண்டாக் வேர்டிலிருந்து எடுக்கும்போது எல்லா அடைப்புக்குறிக்கும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இவற்றைப் போட்டிருந்தது. இதற்குப் பக்கவிளைவும் இருந்தது. ‘எஃப்’புக்கும் அடுத்த அடைப்புக்குறிக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விழுந்து, சார்பு என்பது ஏதோ பெருக்கல் மாதிரி தெரிந்தது. உயரமான பின்னங்களைச் சூழ்ந்த இடங்களில் மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றை வெறும் அடைப்புக்குறியாக்கினோம். நீட்டிய வரிகளில் பெரும்பாலானவை உள்ளே வந்துவிட்டன. இடைவெளியும் போனது.

தனி வரியில் வரும் நீண்ட சமன்பாடுகளை ‘அலைன்’ சூழலில் வைத்து, சமக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தினோம். மேலும் நீண்டால் கூட்டல், கழித்தல் குறிக்கு முன் முறித்து, குறியை அடுத்த வரியின் தொடக்கத்தில் வைத்தோம். கண் முதலில் குறியைப் பார்த்தால் வரி தொடர்கிறது என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே லாடெக் தெரிந்த ஒரு மாணவர் உதவிக்கு வந்து, சில இடங்களில் ‘ஈக்யூஎன்அர்ரே’ என்ற பழைய சூழலைப் போட்டிருந்தார். அது சமக்குறியைச் சுற்றி வேண்டாத இடத்தை விடுகிறது. அவற்றையும் மாற்றினோம்.

எல்லையின் கீழ் என்ன எழுதுவது

பேராசிரியருக்கும் எங்களுக்கும் நடந்த ஒரே வாக்குவாதம் நுண்கணிதத்தின் எல்லை (லிமிட்) என்ற குறியீட்டைப் பற்றியது. தனி வரியில் எல்லை வரும்போது ‘எக்ஸ் பூச்சியத்தை நெருங்க’ என்பது கீழே வருகிறது. வரிக்குள் வந்தால் டெக் அதைப் பக்கவாட்டில் கீழொட்டாகத் தள்ளிவிடும்.

“போர்டுல நான் கீழதானே எழுதறேன். புத்தகத்துல மட்டும் ஏன் பக்கத்துல போகுது?” என்றார் பேராசிரியர். “சார், கீழ போட்டா அந்த வரி மட்டும் கீழ இறங்கிடுது, பாருங்க” என்று ஆபரேட்டர் இரண்டு மாதிரியையும் அச்செடுத்து வைத்தார். தமிழில் ‘கு’, ‘மு’ போன்ற எழுத்துகளின் வால் ஏற்கெனவே கீழே இறங்கி நிற்கும். அதன் கீழே இன்னொரு வரி கணிதம் நுழைந்தால் பத்தி பள்ளமும் மேடுமாகிவிடும். கடைசியில், எல்லையை முதன்முதலாக அறிமுகப்படுத்தும் இயலில் மட்டும் எல்லைகள் எல்லாவற்றையும் தனி வரிக்குக் கொண்டுபோனோம். பக்கம் கூடியது. மற்ற இயல்களில் பக்கவாட்டிலேயே விட்டோம். பேராசிரியருக்கு முழுத் திருப்தி இல்லை.

எழுத்துரு விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், கணிதத்துக்கு ஸ்டிக்ஸ் டூ. ஒரே அளவில் வைத்தால் தமிழ் பெரிதாகவும் கறுப்பாகவும் தெரிந்ததால் தமிழைக் கொஞ்சம் சுருக்கினோம்.

மெய்ப்பு பார்த்தது

மொழிப்பிழையையும் கணிதப்பிழையையும் பிரித்தோம். தமிழாசிரியருக்குக் கொடுத்த படியில் கணிதப் பகுதிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தன. சாம்பலில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். கணிதத்துக்கு ஒருவர் கையெழுத்துப் படியைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் பக்கத்தைப் பார்த்தார். ‘அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கழித்தல் ஒன்று, முழுவதும் வர்க்கம்’ என்று வாசிக்கும்போது, அடுக்கு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி தானாக எழுகிறது. கண்ணால் மட்டும் பார்த்தால் அது தப்பிவிடும். விடைகளை மட்டும் வேறொரு கல்லூரி ஆசிரியர் பேனாவில் போட்டுச் சரிபார்த்தார்.

விளைவு

நூல் பருவத் தொடக்கத்துக்கு வரவில்லை. முதல் மூன்று இயல்களை மட்டும் தைத்த நோட்டாகக் கொடுத்து மாணவர்களைச் சமாளித்தார்கள், முழு நூல் பருவத்தின் நடுவில் வந்தது. செலவு, பழைய கோப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருந்தால் ஆகியிருப்பதைவிடக் கூடுதல்தான்.

வெளிவந்த பின் மாணவர்கள் சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை ஆசிரியரின் கையெழுத்துப் படியிலேயே இருந்தவை. எங்கள் பக்கத்தில் தங்கிவிட்டது ஒரு வகை: ‘சைன்’, ‘லாக்’ போன்றவை நேரெழுத்தில் வர வேண்டியது, சில பயிற்சிகளில் சாய்வாக, மூன்று மாறிகளின் பெருக்கல் போல் வந்திருந்தன. பெட்டிகளுக்குள் அவை தனித்தனி எழுத்தாக அடிக்கப்பட்டிருந்ததால் பாண்டாக்கும் அப்படியே எழுதியிருந்தது. அடுத்த பதிப்பில் ஒரு தேடலில் சரியாயின.

அடுத்த ஆண்டு நான்காம் இயலின் நடுவில் ஒரு புதிய தேற்றத்தையும் அதன் நிரூபணத்தையும் பேராசிரியர் சேர்த்தார். அந்தத் திருத்தத்தை ஆபரேட்டர் தனியாகவே செய்து முடித்தார். எண்ணிலோ சுட்டிலோ எதையும் கையால் தொடவில்லை.

இனி மாற்றிச் செய்வது

எழுதத் தொடங்கும் முன்பே ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் அடிக்கும் முறையைக் கொடுப்பது. அதில் முக்கியமாக இரண்டு: சமன்பாட்டைப் படமாக ஒட்ட வேண்டாம், வேர்டில் அடிக்கத் தெரியாவிட்டால் கையால் எழுதிக் கொடுத்தால் போதும். கையெழுத்திலிருந்து அடிப்பது, படத்திலிருந்து அடிப்பதைவிட வேகமாகவும் பிழை குறைவாகவும் போனது. ஆசிரியர் எழுதும்போது மனதில் என்ன அமைப்பு இருந்தது என்பது கையெழுத்தில் தெரியும்.

பாண்டாக் தரும் அடைப்புக்குறிகளையும் சார்புப் பெயர்களையும் திருத்தும் தேடல்களை, மெய்ப்பு எடுப்பதற்கு முன்பே ஒரே கோப்பாக எழுதி ஓட்டிவிடுவது. இந்த முறை அவை ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்ட பிறகே எழுதப்பட்டன, அதற்குள் இரண்டு சுற்றுத் தாள் வீணானது.

நூலின் அளவைப் பற்றியும் பதிப்பகத்திடம் பேசியிருக்கிறோம். இரண்டாம் பாகத்தில் அணிகளும் அணிக்கோவைகளும் வருகின்றன. நான்குக்கு நான்கு அணியை இரண்டு பக்கமும் வைத்து நடுவில் சமக்குறி போட்டால் நாலேகால் அங்குலம் போதாது. கிரவுன் 1/4 அளவுக்குப் போகலாமா என்று விலையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.